நாலு எட்டு ஓடி நிற்பவர்கள்

என் இடது கட்டைவிரலில் சீழ் கோத்திருக்கிறது. மூன்று நாளைக்கு முன்னால் வேலியோரத்து ரோஜாவைக் கவாத்து செய்யப்போய் முள் ஏறிவிட்டது. நேற்றெல்லாம் விண்விண்ணென்று தெறித்தது. இன்று காலை ஜன்னலோரம் நின்று பார்த்தால், நகக்கண்ணுக்குப் பக்கத்தில் மஞ்சளாக, கடுகளவு திரண்டு நிற்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கத்தெ, சீழப் பாத்தா சிரிக்கறீங்க? உங்க மகன எழுப்பட்டுங்களா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சாமி. பழைய சிநேகிதி ஒருத்தி நெனப்பு வந்துருச்சு."

"சீழப் பாத்தா சிநேகிதி நெனப்பு வருமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. கடிதம் போட விலாசமும் இல்லை. ஆனாலும் இந்தச் சங்கதியை வேறு யாரிடம் சொன்னாலும் முகத்தைச் சுளிப்பார்கள். நீ மட்டும்தான் "எங்க, காட்டு பாப்போம்" என்று விரலை இழுத்திருப்பாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் அந்தத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பன்னிரண்டு கட்டில், தகரக் கூரை, மூலையில் ஒரு டிரஸ்ஸிங் ரூம். அந்த ரூம் என் ராஜ்ஜியம். தோட்டத்தில் யாருக்குக் காயம் பட்டாலும் என் கையால்தான் கட்டு என்கிற மிதப்பு எனக்கு. நீ ஒரு தகரப் பெட்டியும் துணி சுற்றிய மைக்ராஸ்கோப்புமாக ஜீப்பிலிருந்து இறங்கி, "லேப் எந்தக் காம்பரா?" என்று கேட்டாய். நான் விழித்தேன். அறையைத்தான் காம்பரா என்கிறாய் என்று புரியவே சற்று நேரம் ஆயிற்று. பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள் நீ. படிப்பெல்லாம் கோயம்புத்தூரில் முடித்தும் அறை உனக்குக் காம்பராதான், தொழிலாளர் வரிசை வீடு லயம்தான். நம் இருவருக்கும் ஒரே வயது. இருந்தாலும் நான்தான் சீனியர் என்று முதல் ஒரு மாதம் உன்னிடம் விறைப்பாகவே நடந்துகொண்டேன். நீ அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளணுக்களை எண்ணுவதற்காக நீ ரத்தத்தோடு கலக்கும் திரவத்தில் காடி வாசம் அடிக்கும். சிவப்பணுக்களை அது கரைத்துவிடும், வெள்ளணு மட்டும் மிஞ்சும் என்பாய். அந்த வாசம் உன் புடவையில், தலைமுடியில், மத்தியானச் சோற்றுத் தூக்கில்கூட ஏறியிருந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் உனக்கு ஊறுகாயம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். உன் காதுக்கும் எட்டியது. "ஊசியம்மாங்கிறதுக்கு ஊறுகாயம்மா மேல்தானே" என்று என் பட்டப்பேரையும் இழுத்துச் சிரித்தாய்.

நம் ஆஸ்பத்திரியில் கரண்டை நம்பி எந்த வேலையும் செய்ய முடியாது. உன் மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்த சின்னக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி, பகல் வெளிச்சத்தைப் பிடித்துத்தான் பார்ப்பாய். மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாம் நின்றுபோகும். ஜன்னலைத் திறந்து பனியைப் பார்த்துத் திட்டுவாய். எண்ணுகிற கருவியும் உடைந்து கிடந்தது. அதற்கு நீ கண்டுபிடித்த வழி தேயிலைக் கொட்டை. இடது பக்கக் கிண்ணத்தில் ஐம்பது கொட்டைகள். பத்து அணு எண்ணியதும் ஒரு கொட்டையை வலது கிண்ணத்துக்கு மாற்றுவாய். சாதாரண ஆளுக்குப் பதினைந்து, இருபது கொட்டை நகரும். காய்ச்சல்காரருக்கு முப்பது நகரும். எண்ணி வந்ததை ஐம்பதால் பெருக்கினால் மொத்தக் கணக்கு என்பாய். எண்ணும்போது யார் வந்தாலும் இடது கையைத் தூக்கிக் காட்டுவாய். டாக்டரய்யாவே வந்தாலும் கை இறங்கும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில்தான் தேன்மொழி வந்தாள். ஒன்றே கால் வயது. அவள் அம்மா சரசு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுக்கிறவள். குழந்தையின் கெண்டைக்காலில் அட்டை கடித்திருந்தது. மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டை கடிக்காத கால் ஏது? சோப்பைத் தடவிவிட்டுப் போகிற சமாசாரம். ஆனால் இது ஆறவில்லை. மிளகளவு இருந்தது எட்டணா அளவாகி, பிறகு கெண்டைக்காலில் பாதியைத் தின்றுவிட்டது. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் பள்ளம். பள்ளத்துக்குள் சொட்டுச் சீழ் கிடையாது. நான் தினமும் கழுவிக் கட்டுப் போட்டு, சார்ட்டில் எழுதுவேன்: "புண் சுத்தம். சீழ் இல்லை." ஒன்பது நாள், நாளுக்கு ஒரு வரி. எல்லாம் என் கைவண்ணம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

புண் சுத்தம், ஆனால் காய்ச்சல் விடவில்லை. குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே டாக்டரய்யா. செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அவர் ரத்தத்தை எண்ணச் சொன்னார். நீ எண்ண உட்கார்ந்தாய். அரைமணி கழித்து டிரஸ்ஸிங் ரூம் வாசலில் வந்து நின்றாய்.

"புள்ள, தேயிலக் கொட்ட இருக்கா?"

"எதுக்குங்க?"

"தீந்துபோச்சு."

தூறலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கவாத்து செய்யாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலைகளுக்கு அடியில் நீ குனிந்து குனிந்து கொட்டை பொறுக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

டாக்டரய்யா தாளைப் பார்த்தார். "அம்பத்திரெண்டாயிரமா? குளிர்ல கை நடுங்குச்சாம்மா? திருப்பி எண்ணு" என்றார். பதினோராயிரத்துக்கு மேல் போனாலே அதிகம் என்று எனக்கே தெரியும். நீ திருப்பி எண்ணினாய். மூன்றாம் தடவையும் எண்ணினாய். கணக்கு அசையவில்லை. "அப்ப ரத்தப் புற்றா இருக்கும்" என்றார் தணிந்த குரலில்.

"இல்லீங்க ஐயா. புத்துன்னா பிஞ்சணு தெரியணும். இது எல்லாம் முத்துன அணு. பிஞ்சு ஒண்ணுகூடக் கெடையாது" என்றாய்.

"வேறென்ன? புண்ணுல கிருமின்னு வெச்சுக்கிட்டா, சீழே இல்லையே. இதோ நர்ஸ் தினமும் எழுதியிருக்காங்க, சுத்தம்னு." என் சார்ட்டைத்தான் தட்டிக் காட்டினார். மூன்று முறை எண்ணிய உன் கணக்குக்கு எதிராக என் ஒன்பது வரிகள் நின்றன. அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் ஜீப் கிளம்பியதும் என்னிடம் வந்தாய். "ரத்தத்துல இத்தன படை நிக்குது. புண்ணுல ஒரு ஆளுகூட இல்லியே. ஏன் புள்ள?"

"சீழு இல்லீன்னா நல்லதுதானுங்க? சுத்தமா வெச்சிருக்கறதும் ஒரு குத்தமுங்களா?"

"சுத்தம்னு எப்புடித் தெரியும்?"

"ஆறு வருசமாப் புண்ணத்தானுங்க பாத்துட்டிருக்கறேன். நீங்க உங்க கண்ணாடியப் பாருங்க. நான் காலப் பாத்துக்கறேன்." கோபம் வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை கூடிவிடும். அன்றைக்கு உனக்கு நான் கொடுத்த மரியாதைக்கு அளவே இல்லை.

நீ ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அந்தப் புண்ணின் மேல் மெதுவாக ஒற்றி எடுத்துக்கொண்டு போனாய். சாயம் ஏற்றிக் காயவைத்து, வெயில் லேசாக எட்டிப் பார்த்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய். அத்தனை வருஷ வேலையில் மைக்ராஸ்கோப்புக்குள் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீலநீலமாகப் புள்ளிகள், திராட்சைக் குலை மாதிரி கொத்துக்கொத்தாக.

"அதெல்லாம் கிருமி. இப்ப வெள்ளணுவத் தேடு. பெருசா இருக்கும். நடுவுல நூல மூணு முடிச்சுப் போட்ட மாதிரி ஒண்ணு தெரியும்."

தேடினேன். கண்ணாடியை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினேன். கழுத்து வலித்தது. கால்மணி நேரத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை.

"சீழுன்னா என்னான்னு நெனச்ச? வந்து சண்ட போட்டுச் செத்த ஆளுங்கதான் சீழு. இங்க யாருமே வரல" என்றாய். பிறகு நான் அழப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு, "நீ எழுதுனது தப்பில்ல புள்ள. சுத்தந்தான். குடியில்லாத ஊடு சுத்தமா இருக்குமில்ல, அந்தச் சுத்தம்" என்றாய். ஊடு என்று எங்கள் பாஷையில் சொன்னாய். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாய் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணாடித் துண்டில் ஒரு காகிதத்தை ஒட்டி "ஆள் இல்லை" என்று எழுதிப் பெட்டியில் வைத்தாய்.

மறுநாள் கட்டை மாற்றும்போது எனக்குக் கை ஓடவில்லை. பேச்சுக்காகத்தான் சரசுவிடம் குழந்தையின் அரைஞாணில் தொங்கிய வெள்ளித் தாயத்தைப் பற்றிக் கேட்டேன். "கொடி போட்டதா?" தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவது லயத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு.

"ஆமாங்க நர்ஸம்மா. அது லேசுல விழுகலீங்க. ஒண்ணர மாசம் ஒட்டிட்டே இருந்துச்சு. ஆசாரி ரெண்டு தடவ வந்துட்டு வெறுங்கையோட போனாருங்க." களைத்துப்போன அந்த முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "கொடி விடாத புள்ள ஆத்தாள விட்டுப் போகாதுன்னு எங்க மாமியா சொல்லுச்சுங்க."

ஒரு வாரம், பத்து நாளில் விழ வேண்டிய கொடி. நான் இடுக்கியைப் போட்டுவிட்டு உன் அறைக்கு ஓடினேன். நீ கையைத் தூக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் கண் பெரிதாகிக்கொண்டே போனது. "கொடி அறுந்து விழுகிறதுக்கும் அந்த வெள்ளணு ஆளுங்கதானே வந்து வேல பாக்கணும்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஃபாக்டரியிலிருந்து டாக்டரய்யாவுக்குப் போன் போட வைத்தாய். அவர் மழையில் வந்தார். எண்ணிக்கைத் தாள், கண்ணாடித் துண்டு, கொடிக்கதை மூன்றையும் அவர் முன்னால் வைத்தாய். அவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தானே தேடிப் பார்த்தார். கடைசியில் என் சார்ட்டை எடுத்து என்னிடமே நீட்டினார். "இன்னிக்கு என்ன எழுதப் போறீங்க?"

எழுதினேன்: "சீழ் இல்லை. இருந்திருக்க வேண்டும்."

அந்த வரியோடுதான் சரசுவும் குழந்தையும் சமவெளியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டரய்யாவுக்குப் பதில் வந்தது. வலுவான மருந்துகளால் காய்ச்சல் தணிந்திருந்தது, புண் மெல்ல ஆறத் தொடங்கியிருந்தது. ஆனால் குறை பிறவிக்குறை. வெள்ளணுக்கள் நன்றாகத்தான் உற்பத்தியாகின்றன, ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அவற்றின் மேல் இருக்க வேண்டிய ஒரு புரதம் மட்டும் மிக மிகக் குறைவு என்று எழுதியிருந்தது. நீ அதை மூன்று தடவை எனக்குப் படித்துக் காட்டினாய். "புரியுதா?" என்றாய். "இங்கிலீசு புரியுது" என்றேன்.

மறுநாள் ஒரு டம்ளரோடு வந்தாய். ஃபாக்டரித் தொட்டியில் பிடித்த தலைப்பிரட்டை. ஈரப் பஞ்சில் அதன் உடம்பைச் சுற்றி, வாலை மட்டும் கண்ணாடியில் விரித்தாய். வாலில் ஊசி முனையால் சின்னதாக ஒரு காயம் கீறினாய். "பாவம்" என்றேன். "இருபது நிமிசந்தான், திருப்பித் தொட்டியில விட்டுருவேன்" என்று அதற்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னாய்.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வாலுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பணுக்கள் நடு ஓட்டத்தில் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு பறந்தன. வெள்ளணு ஒன்று மட்டும் ஓரமாக ஒதுங்கியது. சுவரைத் தொட்டது. ஓட்டம் அதை இழுத்தது. விட்டுவிட்டு மறுபடி தொட்டது. உருண்டது. உருண்டுகொண்டே வேகம் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. பின்னாலிருந்து ரத்தம் மோதுகிறது, அது அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது தட்டையாகப் படிந்து, சுவரில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு காயத்தின் பக்கம் வெளியேறிப் போனது. அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அம்முணி, இது நம்ம தோட்டத்து பஸ்ஸு!" என்று கத்தினேன். உன்னை முதன்முதலாக அம்முணி என்று கூப்பிட்டது அப்போதுதான் என்று நீதான் பிற்பாடு சொன்னாய்.

ஏழாம் நம்பர் காட்டு மேட்டில் பஸ் நிற்காது. நிறுத்தினால் மறுபடி மேடேறிக் கிளம்பாது என்று டிரைவர் வேகத்தை மட்டும் குறைப்பார். இறங்குகிற நம் ஆட்கள் கம்பியைப் பிடித்து, காலைத் தரையில் வைத்து, பஸ்ஸோடு நாலு எட்டு ஓடித்தான் நிற்பார்கள். அப்புறம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் நுழைந்து வீட்டுக்குப் போவார்கள். சரசு ஊர் திரும்பியதும் அவளுக்கு இதைத்தான் சொன்னோம். நீ சொல்ல ஆரம்பித்தாய், பாதியில் நான் பிடுங்கிக்கொண்டேன், பிறகு இருவரும் ஒட்டுக்காகப் பேசினோம்.

"அப்ப எம் புள்ள ரத்தத்துல பஸ்ஸு நெறைய ஆளு இருக்குது. எறங்கத்தான் முடியலீங்களா?" என்றாள் சரசு.

"ஆமா. காலு வெக்கிறாங்க, நாலு எட்டு ஓடுறாங்க. நிக்க முடியாம பஸ்ஸோடயே இழுபட்டுப் போயிடுறாங்க. ஸ்டாப்புல யாருமே இல்ல" என்றாய் நீ.

"நிக்கறதுக்கு என்னங்க வேணும்?"

வேறு ஒருவருடைய எலும்பு மஜ்ஜை வேண்டும், அதுவும் பொருந்த வேண்டும், கூடப்பிறந்தவர்களாக இருந்தால் வாய்ப்பு அதிகம் என்று கடிதத்தில் இருந்ததைச் சொன்னாய். சரசு தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். ஐந்து மாதம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. வருகிற பிள்ளைக்கும் இதே குறை இருந்துவிட்டால்?

பங்குனியில் பையன் பிறந்தான். நீயும் நானும் நாளெண்ணினோம். மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று ஏதாவது ஒரு சாக்கில் லயத்துக்குப் போய் அந்தத் தொப்புளைப் பார்த்துவிட்டு வருவாய். ஏழாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கூடுகிற நேரத்தில், சரசுவின் வீட்டுக்காரர் தலைகால் புரியாமல் ஓடிவந்தார். கையில் மடித்த வெற்றிலை. "விழுந்துருச்சுங்க, ஊறுகாயம்மா!" என்றார். உன் முகத்துக்கு நேரே அந்தப் பேரைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சொன்னது அவருக்கும் தெரியவில்லை, உனக்கும் உறைக்கவில்லை. வெற்றிலையைப் பிரித்து அந்தக் காய்ந்த துணுக்கைப் பொன்னைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். பிற்பாடு பையனின் மஜ்ஜை அக்காளுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று டாக்டரய்யாவே சொன்னார்.

அவன் கொஞ்சம் வளர வேண்டியிருந்தது. அதுவரை மூன்று வருஷம் தேன்மொழியை நாம் எப்படிக் காத்தோம்! முள்ளோ அட்டையோ நகக்கீறலோ, எது பட்டாலும் அன்றே மருந்து. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். இரண்டு தடவை கை நழுவப் பார்த்து மீண்டாள். செலவுக்கு யார் யாரோ கைகொடுத்தார்கள். நாலு வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் தம்பியின் மஜ்ஜையை ஏற்றி, அங்கேயே மாதக்கணக்கில் வைத்திருந்து, தலையில் புதுமுடி அரும்பிய பிறகு அனுப்பினார்கள். அனுப்பும்போது, எல்லாம் நன்றாக இருக்கிறது, இனிப் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் "பார்க்கலாம்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினோம்.

பிறகு ஒருநாள் முற்பகலில் சரசு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். "மறுபடியும் வந்துருச்சுங்க நர்ஸம்மா!" குதிகாலில் எலுமிச்சை முள் ஏறி இரண்டு நாள் ஆகியிருந்தது. வீங்கிச் சிவந்து கொதித்தது. தொட்டேன். நடுவில் மெத்தென்று இருந்தது. ஊசி முனையால் மேல்தோலை நீக்கி லேசாக அழுத்தினேன். மஞ்சளாக, கெட்டியாக வந்தது.

பஞ்சை அப்படியே கீழே போட்டுவிட்டு எழுந்தேன். உன் அறைக்கு ஓடினேன். நீ எண்ணிக்கொண்டிருந்தாய். இடது கையைத் தூக்கினாய். முதல் தடவையாக அந்தக் கையை நான் மதிக்கவில்லை. "சீழு! அம்முணி, தேன்மொழிக்குச் சீழு!" நீ எழுந்த வேகத்தில் இரண்டு கிண்ணமும் கவிழ்ந்து தேயிலைக் கொட்டைகள் தரையெல்லாம் உருண்டன. அவற்றின் மேலேயே மிதித்துக்கொண்டு வந்து, கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போனாய். சாயம் காய்வதற்குள் பனி இறங்கிவிட்டது. நீ அன்றைக்குப் பனியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பனி விலகியது. கண்ணை வைத்தாய். நான் உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் தோள் குலுங்கியது.

"எறங்கிட்டாங்க புள்ள" என்றாய். "எல்லாரும் எறங்கிட்டாங்க."

கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத இரண்டு பெண்களையும் பார்த்துச் சரசு இன்னும் பலமாக அழ ஆரம்பித்தாள். அவளுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டோம். புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மட்டும் கால் வலிக்கிறது என்று எல்லோர் மேலும் கோபமாக இருந்தாள். மறுநாள் சரசு ஒரு போசி நிறையக் கேசரி கொண்டுவந்தாள். எதற்கு என்று கேட்ட நோயாளிகளிடமெல்லாம் "எம் மகளுக்குச் சீழு வெச்சுதுங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். டாக்டரய்யா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சார்ட்டில் "சீழ் இருக்கிறது" என்று நான் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு கோடும் இழுத்தார்.

அதற்குப் பிறகு நமக்குள் அதுவே குசல விசாரிப்பு ஆகிவிட்டது. ஓய்வு பெற்று நீ கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குப் போன பிறகும், போனை எடுத்ததும் "ஆளு எறங்குதா?" என்பாய். "எறங்குது எறங்குது" என்பேன். கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது டிரிப்ஸ் ஊசி ஏற்றிய இடத்தில் உன் கை சிவந்து வீங்கியிருந்தது. அந்தச் சின்ன நர்ஸ் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். "விடும்மா, உள்ள வேல நடக்குது" என்று அவளைத் தேற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நீ இல்லாததற்கு நான் நிறைய அழுதுவிட்டேன். ஆனால் அந்தக் கண்ணடிப்பை நினைத்தால் இன்றைக்கும் அழுகை வருவதில்லை.

தேன்மொழியின் புண்ணைக் கண்ணாடியில் பார்த்த நாளிலிருந்து நான் வேலையை விடும்வரை எந்தச் சார்ட்டிலும் "சுத்தம்" என்று எழுதியதில்லை. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினேன். நான் சொல்லிக்கொடுத்த பெண்கள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

தேன்மொழி குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஊசி குத்தாத நாள் கிடையாது, எல்லாம் தானாக ஆறிவிடுகிறது. இன்றைக்கு மருமகளிடம் வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு தேன்மொழிக்குத்தான் போன் போட்டேன். விரல் சங்கதியைச் சொன்னேன். மெஷின் சத்தம் நின்றது.

"எறங்கிட்டாங்களா நர்ஸம்மா?" என்றாள்.

உன் குரலில் கேட்ட மாதிரியே இருந்தது. ஐந்து வயதில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உன் தம்பி என்னிடம் கொடுத்த மரப்பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். இரண்டு கண்ணாடித் துண்டுகளும் அப்படியே இருக்கின்றன. சாயம் வெளுத்துவிட்டது, உன் எழுத்து வெளுக்கவில்லை. ஒன்றில் "ஆள் இல்லை." இன்னொன்றில், எலுமிச்சை முள் ஏறி வந்த அன்று எழுதியது, "ஆள் இருக்கு." காலியாகக் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து, என் கட்டைவிரலை அதில் ஒற்றினேன். மருமகள் பார்த்திருந்தால் மகனை எழுப்பியே இருப்பாள். சாயம் ஏற்ற எனக்குத் தெரியாது. கொட்டையை நகர்த்தி எண்ண நீயும் இல்லை. காயவைத்துக் காகிதம் ஒட்டி, அந்த இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன்: ஆள் இருக்கு.